மஞ்சள் கப்சூலும் உரும்பிராய்ப் பரியாரியாரின் மூன்று கேள்விகளும்

என் சாச்சியின் மகள் போன வருடம் நோன்புப் பெருநாளை வைத்தியசாலைக் கட்டிலில் கழித்தாள். அவளுக்கு இருப்பது ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ எனப்படும் பெருங்குடல் அழற்சி நோய். டொக்டர் எழுதிக் கொடுத்த மெசலசீன் குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் சுகமாக இருந்தவள். தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் கப்சூல் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, “இது இயற்கை மருந்து. பக்கவிளைவு கிடையாது. இங்கிலீஷ் மருந்தை விட்டுப் பாருங்கோ” என்றிருக்கிறார். இவளும் விட்டுவிட்டாள். முதல் மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் மாதம் மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது தேறிவிட்டாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கட்டிலில் படுத்திருந்தபடி அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “நானா, மஞ்சள் நல்லது, கருஞ்சீரகம் நல்லது என்று நீங்களும்தானே சொல்லுவீங்கள்? அப்ப நான் செய்த பிழை என்ன?”

நான் மருந்தாளனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். அந்த இடத்தில் ஒரு வசனத்தில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். ஆனால் அதை உரும்பிராயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வாப்பா மர்ஹூமுக்கு யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் சிறிய கடை இருந்தது. பலாலி வீதியால் சைக்கிள் மிதித்துப் போய் உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கொள்முதல் செய்வார். அவருக்கு நெடுநாளாக வயிற்றுக் கோளாறு. சில நாள் வயிறு ஊதிக் கட்டிக்கொள்ளும். சில நாள் காலையில் நாலைந்து தரம் போகும். தோட்டக்காரர் ஒருவர் சொல்லி, அந்த ஊர்ச் சித்த வைத்தியர் ஒருவரிடம் போனார். பத்து வயதுப் பிள்ளையாக நானும் சைக்கிள் பாரில் இருந்து போனேன்.

பரியாரியார் நாடி பார்த்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். “மலத்தோடை இரத்தம் போகுதோ? ராவிலை நித்திரையிலை இருந்து எழுப்பி விடுதோ? உடம்பு மெலியுதோ?” மூன்றுக்கும் இல்லை என்றார் வாப்பா. “அப்ப பயப்பிடாதையுங்கோ” என்று வேர்க்கொம்பு, ஓமம், மல்லி சேர்த்துக் கஷாயச் சரக்குக் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கே எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு தோட்டக்காரர் முதல் கேள்விக்கே ஓம் என்றதும், சரக்குப் பெட்டியைத் திறக்கவே இல்லை. “இது என்ரை கையிலை நிக்காது தம்பி. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ” என்று அனுப்பிவிட்டார்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் வளர்ந்து, மருந்தியல் படித்த பிறகுதான் அந்த மூன்று கேள்வியின் பெறுமதி எனக்கு விளங்கியது. குடல் வைத்திய நிபுணர்கள் இன்றைக்கும் அவற்றைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இரண்டு நோய், ஒரே வயிறு

நாங்கள் ‘வயிற்றுக் கோளாறு’ என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வெவ்வேறு நோய்க் கூட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, குடல் அசைவுக் கோளாறு. குடல் ஒரு தசைக் குழாய். அது சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுகிறது. அந்தத் தாளம் பிசகினால் வலி, உப்புசம், மலச்சிக்கல், வயிற்றோட்டம் எல்லாம் வரும். ‘ஐ.பி.எஸ்.’ என்று டொக்டர்மார் சொல்வது இந்த வகை. கமரா விட்டுப் பார்த்தால் குடற்சுவர் சுத்தமாக இருக்கும். கஷ்டம் உண்மையானது, ஆனால் புண் இல்லை. வாப்பாவுக்கு இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, குடல் அழற்சி. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் குடற்சுவரையே தாக்கிப் புண்ணாக்குகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் குரோன் நோயும் இந்த வகை. இரத்தம் போகும், உடம்பு மெலியும், இராத்தூக்கத்தைக் கலைக்கும். கவனிக்காமல் விட்டால் சத்திரசிகிச்சை வரை போகும். வருடக் கணக்கில் நீடித்தால் பெருங்குடற் புற்றுநோய்க்கான ஆபத்தும் கூடும்.

முதலாவதற்கு உதவும் மூலிகை இரண்டாவதற்கு உதவாமல் போகலாம். சில வேளை கெடுக்கவும் கூடும். ஆகவே “வயிற்றுக்கு எந்த மூலிகை நல்லது?” என்று கேட்பதற்கு முன் “எனக்கு எந்த நோய்?” என்று கேட்க வேண்டும்.

அசைவுக்கு உதவும் மூன்று

எங்கள் பாமசிகளில் கிடைக்கும் இசப்கோல் ஒரு விதையின் உமி. பாரசீக மொழியில் ‘குதிரைக் காது’ என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். விதையின் வடிவம் அப்படி. குஜராத்தில் பெருமளவு விளைகிறது. தண்ணீரில் போட்டால் வழுவழுவென்று ஊதும். குடலுக்குள்ளும் அப்படித்தான். இறுகிய மலத்தை இளக்கும், இளகிய மலத்துக்கு உருவம் கொடுக்கும். அதனால் மலச்சிக்கலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் இரண்டுக்கும் பயன்படுகிறது. நெதர்லாந்தில் 275 ஐ.பி.எஸ். நோயாளர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு இசப்கோல், ஒரு குழுவுக்குக் கோதுமைத் தவிடு, ஒரு குழுவுக்கு வெறும் மா கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வெளிவந்தது. இசப்கோல் எடுத்தவர்களுக்குச் சுகம் தெரிந்தது. தவிடு எடுத்தவர்களில் பலர் வயிறு இன்னும் மோசமாகிறது என்று இடையிலேயே விட்டுவிட்டார்கள். ‘நார்ச்சத்து நல்லது’ என்று பொதுவாகச் சொல்வது போதாது, எந்த நார் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம். ஒரு எச்சரிக்கை: இசப்கோலைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். நோன்பு காலத்தில் சஹருக்குக் கடைசி நிமிடத்தில் அரைக் கோப்பைத் தண்ணீரோடு விழுங்குவது சரியல்ல.

இரண்டாவது, புதினா இனத்தைச் சேர்ந்த பெப்பர்மின்ட் செடியின் எண்ணெய். அதிலுள்ள மென்தோல், குடல் தசைக்குள் கல்சியம் நுழையும் வாசலை மறிக்கிறது. தசை தளர்கிறது, பிடிப்பு வலி குறைகிறது. அமெரிக்கக் குடல் வைத்தியக் கல்லூரி 2021இல் வெளியிட்ட ஐ.பி.எஸ். வழிகாட்டலில் இசப்கோல் போன்ற கரையும் நாரும் பெப்பர்மின்ட் எண்ணெயும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் இரைப்பையில் கரையாத உறையிட்ட கப்சூலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே தளர்வு உணவுக்குழாயின் கீழ்வாசலிலும் ஏற்பட்டு நெஞ்செரிவு வரும். புதினாச் சம்பல் ருசிக்கு நல்லது. ஆனால் அதை இந்த மருந்துக்குச் சமமாக வைக்க முடியாது.

மூன்றாவது எங்களுக்கு நன்கு தெரிந்த சனா இலை. நாட்டு மருந்துக் கடையில் சனாமக்கி, நிலாவாரை என்று கேட்டால் கொடுப்பார்கள். அரபு நாட்டுச் செடி. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் பயிராகி (இது எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அல்ல) அந்த ஊர்ப் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்பட்டது. இதன் வேலை விசித்திரமானது. இதிலுள்ள சென்னோசைட் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பக்டீரியாக்கள்தாம் அதை உடைத்து மருந்தாக மாற்றுகின்றன. அந்த மருந்து குடலைத் தூண்டித் தள்ளச் செய்கிறது. இரவில் குடித்தால் காலையில் வேலை செய்வது இதனால்தான். மலச்சிக்கலுக்கு இது நிரூபணமான மருந்து. ஆங்கில வைத்தியமும் பயன்படுத்துகிறது. ஆனால் அழற்சியால் புண்பட்டிருக்கும் குடலை இப்படித் தூண்டக்கூடாது. சுகமான குடலுக்கும் மாதக் கணக்கில் தினமும் கொடுக்கக்கூடாது. ‘வயிற்றைச் சுத்தமாக்கும் மூலிகைத் தேநீர்’ என்று விற்கும் பைக்கற்றுகள் பலவற்றில் இருப்பது இந்த இலைதான். பெட்டியைப் புரட்டிப் பாருங்கள்.

அழற்சிக்கு மஞ்சள்

இனி என் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். மஞ்சள் பற்றி நடந்த ஆய்வுகள் விளையாட்டானவை அல்ல. ஜப்பானில் 89 கொலைட்டிஸ் நோயாளர்களிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. எல்லாரும் நோய் தணிந்திருந்தவர்கள். எல்லாரும் மெசலசீனோ சல்ஃபாசலசீனோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு அதோடு மஞ்சளின் சாரமான குர்குமினைத் தினமும் 2 கிராம் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது. எடுக்காத 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், மெசலசீன் மட்டும் போதாமல் இருந்த 50 பேரில் 26 பேருக்கு அதோடு தினம் 3 கிராம் குர்குமின் சேர்த்தார்கள். ஒரு மாதத்தில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெறும் கப்சூல் எடுத்த 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை.

இரண்டு ஆய்விலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘அதோடு’. மெசலசீனை நிறுத்திவிட்டு மஞ்சள் கொடுக்கவில்லை. மெசலசீனோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மெசலசீனை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் என்று 2003இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு காட்டியது. என் தங்கை துணைக்கு வந்ததை வைத்துக்கொண்டு தூணைக் கழற்றிவிட்டாள்.

அடுத்தது அளவு. அவளுடைய போத்தலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கப்சூலில் ‘மஞ்சள் தூள் 500 மில்லிகிராம்’ என்று இருந்தது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 வீதம்தான். ஆகவே ஒரு கப்சூலில் 15 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு எடுத்தால் 30 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்தது 2000, 3000 மில்லிகிராம். 3 கிராம் குர்குமின் வேண்டுமானால் 100 கிராம் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். டில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையில் நாளுக்கு 450 மில்லிகிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். அந்த அளவுக்கே பலன் இல்லை. சமையல் மஞ்சள், மஞ்சள் தூள் கப்சூல், சாரமாகப் பிரித்தெடுத்த குர்குமின் ஆகிய மூன்றுக்கும் பெயர் ஒன்று, வேலை ஒன்றல்ல.

மூன்றாவது, மிளகு. குர்குமின் இரத்தத்தில் இலேசாகச் சேராது. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் சாரமான பிப்பரீன் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடியது. அதிலிருந்து கப்சூல்களில் மிளகுச் சாரம் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெருங்குடல் நோய்க்கு மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் குடற்சுவர்தான். உறிஞ்சப்படாமல் அங்கேயே போய்ச் சேர்வது இந்த நோய்க்குக் குறையல்ல. மறுபுறம், பிப்பரீன் ஈரலின் நொதியங்களை மந்தப்படுத்துவதால் வேறு மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறக்கூடும். மஞ்சள் கப்சூலால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரத்தை அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2022இல் வெளியிட்டது. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். இது அரிதான சம்பவம். கறியில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் ‘பக்கவிளைவே கிடையாது’ என்ற பேச்சு பொய்.

நிலவேம்பின் கதையையும் சொல்ல வேண்டும். அதன் சாரத்தை 224 கொலைட்டிஸ் நோயாளர்களிடம் பரிசோதித்து 2013இல் வெளியிட்டார்கள். கூடிய அளவு எடுத்தவர்களில் 60 வீதத்தினருக்குக் குணம் தெரிந்தது; வெறும் கப்சூல் எடுத்தவர்களில் 40 வீதத்தினருக்கு. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பின்னர் பெரிய அளவில் தொடங்கிய பரிசோதனையை, பலன் காட்டாது என்று கண்டு 2014இல் நிறுத்திவிட்டார்கள். மஞ்சளுக்கும் எல்லா இடத்திலும் வெற்றி இல்லை. குரோன் நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு நாளுக்கு 3 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு, நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை என்று 2020இல் அறிவித்தது. வெறும் கப்சூலிலேயே 40 வீதத்தினருக்குக் குணம் தெரிகிறது என்பதையும் மறக்கக்கூடாது. “எனக்குச் சுகமாச்சு” என்று ஒருவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது ஆதாரமும் அல்ல.

நபிமொழியும் இப்னு சீனாவும்

என் தங்கை கேட்டதில் கருஞ்சீரகமும் இருந்தது. கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டென்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. வயிற்று நோய்க்குத் தேன் கொடுக்கச் சொன்ன சம்பவமும், சனா பற்றிய செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. என் உம்மாவும் தினமும் கருஞ்சீரகம் எடுப்பவர். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் குடல் அழற்சிக்குக் கருஞ்சீரகம் பற்றி இதுவரை நடந்தவை சிறிய ஆய்வுகளே. இந்த மருந்தை நிறுத்திவிட்டு அந்த எண்ணெயைக் குடி என்று எந்த நபிமொழியும் சொல்லவில்லை. போத்தல் விற்பவர்தான் அப்படிச் சொல்கிறார். வைத்தியம் தேடுங்கள் என்பதும் நபிமொழிதான்.

மூலிகையை எப்படி நம்புவது என்பதற்கு எங்களிடமே ஒரு மரபு இருக்கிறது. ஏறத்தாழ 1025இல் நிறைவான ‘அல் கானூன்’ நூலில் இப்னு சீனா மருந்துகளைச் சோதிக்க ஏழு நிபந்தனைகள் வைத்தார். பல நோய் கலந்தவரிடம் அல்லாமல் ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும். எத்தனை நேரத்தில் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பலன் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும்; இல்லாவிட்டால் அது தற்செயல். மிருகத்திடம் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம். மனித உடலில்தான் சோதிக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய இந்த நிபந்தனைகளை வைத்துக்கொண்டு இன்றைய கப்சூல் விளம்பரங்களைப் பாருங்கள். எலியிடம் கண்டதை மனிதனுக்கு விற்பவை எத்தனை என்று தெரியும்.

வாங்கும்போது

சில நடைமுறை விஷயங்கள். கப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்று கேளுங்கள். தாவர உறையிட்டவையும் கிடைக்கின்றன. சில திரவச் சாரங்கள் அல்கஹோலில் எடுக்கப்பட்டவை. ஒன்பது மூலிகை சேர்ந்த பிரபல ஜேர்மானியக் குடல் மருந்தான இபெரோகாஸ்டில் சுமார் 31 வீதம் அல்கஹோல் உண்டு. அதிலுள்ள ஒரு மூலிகை காரணமாக ஈரல் பாதிப்பு எச்சரிக்கையும் 2018இல் சேர்க்கப்பட்டது. மஞ்சள் இறக்குமதி தடைப்பட்ட 2020இல் இலங்கையில் மா கலந்த மஞ்சள் தூள் எவ்வளவு விற்றது என்பதை நாங்கள் மறக்கவில்லை; கப்சூலுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. எதை எடுத்தாலும் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று பயந்து மறைப்பதால்தான் பாதிப் பிரச்சினை. நோன்பு நோற்பதானால் மருந்து நேரத்தை முன்கூட்டியே அவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தங்கை வீடு திரும்பிய பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன். பரியாரியார் காலமாகிவிட்டார். மகனும் வைத்தியர்தான். வாப்பாவின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். தங்கையின் விஷயத்தைச் சொன்னேன். அவர் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.

“பிள்ளை, ஆஸ்பத்திரிக் குளிசையை விடாதையும். மஞ்சள் போட்ட பாலைக் குடியும், அது சாப்பாடு. சாரம், கப்சூல் எடுக்கிறதெண்டால் அந்த டொக்டரிட்டைக் கேட்டிட்டு எடும்” என்றார். பிறகு, “இப்ப இரத்தம் போகுதோ? ராவிலை எழுப்புதோ? உடம்பு மெலியுதோ?” என்று கேட்டார்.

தங்கை மூன்றுக்கும் இல்லை என்றாள். “ஒண்டுக்கெண்டாலும் ஓம் எண்டால் இஞ்சை வராதையும். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போம்” என்றார்.